தம்பி மூடி

காலை ஆறரைக்கு என் ஜன்னலுக்கு நேர் கீழே காரின் பானெட்டைத் தூக்கும் சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் நான் தையல் மெஷினில் நூல் கோப்பேன். ஐந்து வருஷமாக இந்த மாடியில் உட்கார்ந்து ஊரார் கால்சட்டைகளை நீளம் குறைத்துக்கொண்டிருக்கிறேன். தைப்பது வயிற்றுக்கான வேலை. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கீழ்வீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவன் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறான். அந்தக் காரைத் தினமும் காலையில் சோதித்து அனுப்புவது அவள். அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தது அவள் புருஷன்தான். தெருவில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டதில் அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் அந்த வேலையை ஏனோதானோவென்று செய்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலோ மழையோ, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எஞ்சினின் எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். முதல் தடவை உருவியதை நம்பக் கூடாது, அது வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும் என்பாள். பிரேக் ஆயில் டப்பாவை மட்டும் திறக்காமல், குனிந்து வெளியிலிருந்தே பார்ப்பாள். ஈரக் காற்று உள்ளே போனால் பிரேக் கெட்டுவிடுமாம். பேட்டரியின் ஆறு வாயிலும் எட்டிப் பார்த்து, எது காய்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவாள். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவாள். கடைசியாகக் கூலண்ட் டப்பா. எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சைத் தண்ணீர் இருக்கும் டப்பாவில் கம்பெனிக்காரன் போட்ட மேல் அளவு, கீழ் அளவுக் கோடுகள் இரண்டும் மங்கலாக இருந்ததால், அவற்றின் மேலேயே சிவப்பு நகப்பாலிஷால் பளிச்சென்று இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தாள்.

ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். "எஞ்சின் ஆயில் இருக்கு!" உள்ளேயிருந்து அவன் பல் துலக்கியபடி "ஆங்!" என்பான். "பிரேக் ஆயில் இருக்கு!" "ஆங்!" பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல நடக்கும். எல்லாம் முடிந்து "பாத்தாச்சு!" என்று அவள் சொன்னால்தான் அவன் சாவியைக் கையில் எடுப்பான். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் அந்தக் கார் ஒரு நாளும் தெருவைத் தாண்டியதில்லை.

அவள் உள்ளே பார்க்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. எஞ்சினின் தலையில், எண்ணெய் ஊற்றும் இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு மூடி. அதற்கு அந்த வீட்டில் பெயர் தம்பி மூடி.

தம்பி என்றால் அவளுடைய தம்பி. பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் மெக்கானிக். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் இவள்தான். தன் கல்யாணத்தைக்கூட அவன் படித்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டவள். இதை அவளாக என்னிடம் சொன்னதில்லை. அவள் புருஷன்தான் ஒரு நாள் கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னான். "எனக்கு முப்பது வயசுல பொண்ணு கிடைச்சதுக்குக் காரணம் என் மச்சான்தான்கா. அவன் ரெண்டு வருஷம் பெயிலாயிருந்தா முப்பத்திரண்டு ஆயிருக்கும்."

அந்தப் புருஷன் பதினொரு வருஷம் அடுத்தவர் காரை ஓட்டியவன். இந்தக் காரைப் பிடித்துக் கொடுத்தவன் தம்பி. "வெளியாளுக்குப் போறதுக்கு முன்னாடி நம்மளே எடுத்துக்கலாம் மாமா, எஞ்சின் மணி மாதிரி இருக்கு" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காக, கையில் இருந்தது காதில் இருந்தது எல்லாவற்றையும் வழித்துப் போட்டு வாங்கினார்கள். அக்காவுக்கு இந்தச் சோதனை வேலையைக் காட்டிக் கொடுத்தவனும் தம்பிதான். அன்றைக்கும் நான் ஜன்னலில் இருந்தேன்.

"இதை மட்டும் திறந்துராதக்கா. திறந்தா உள்ள காத்துப் போயி எஞ்சினோட இறுக்கம் விட்டுரும். இது நான் பாத்துக்குறேன், ஞாயித்துக்கிழமை வருவேன்ல."

"பிரேக் ஆயில் மாதிரியா?"

"ஆமா, அதேதான். கரெக்டா புடிச்சிட்டியே!"

அவள் பூரித்துப் போனாள். அன்று முதல் அது தம்பி மூடி ஆனது.

சொன்னபடியே தம்பி ஞாயிறு தவறாமல் வந்தான். பதினோரு மணிக்கு அவன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே அவள் வாணலியை அடுப்பில் வைத்துவிடுவாள். மீன் வறுபடும் வாசனை மேலே வரும். எனக்கும் ஒரு தட்டு வரும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றிகெட்டவள். அவள் அடுப்படியில் இருக்கும்போது தம்பி காரைத் திருப்பி, மூக்குத் தெருவைப் பார்க்க நிறுத்துவான். நிழலாம். பானெட்டைத் தூக்கினால் அதன் முதுகுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன் தலையை நிமிர்த்தி, "டெய்லரக்கா, வேஸ்ட் துணி இருக்கா?" என்பான். நான் வெட்டுத்துண்டுகளைச் சுருட்டிக் கீழே போடுவேன். வேலை முடிந்ததும் அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி அவனே எடுத்துக்கொண்டு போவான். இவ்வளவு சுத்தமான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

திங்கட்கிழமை காலையில் அவள் குரல் மற்ற நாளைவிட ஒரு பிடி உயரமாக இருக்கும். "கூலண்ட் மேல்கோட்டுக்கும் மேல!" சனிக்கிழமை ஆகும்போது அது கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். ஓடுகிற வண்டி குடிக்கத்தான் செய்யும், ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றால் போன தண்ணீர் தானாகத் திரும்பி ஏறும், நீயாக ஊற்றிவிடாதே என்று தம்பி சொல்லியிருந்தான். ஆனால் அவள் அதை வேறு மாதிரிச் சொல்வாள். "என் தம்பி வந்துட்டுப் போனா வண்டிக்குக்கூட மனசு நிறைஞ்சிடுதுக்கா."

ஒரே ஒரு முறை அவன் ஞாயிறு இல்லாத நாளில் வந்தான். அவள் கடும் காய்ச்சலில் படுத்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம், புருஷன் சவாரி முடித்து வந்து காரை நிறுத்திய கொஞ்ச நேரத்தில், ரொட்டியும் ஒரு பை ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தான். அக்காவின் நெற்றியில் கை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் காலை அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டே இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினாள். "இதென்னக்கா அதிசயம், நேத்து முழுக்க ஓடின வண்டி, தண்ணி கோட்டுக்கு மேல நிக்குது!" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "அவன் வந்தான்ல, அதான்." காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, சிரிக்கும்போது வலித்திருக்கும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது.

ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரத்துக்கு மூன்று முறை வருகிற நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. நிரந்தரம். சவாரி தேடி ரயிலடியில் காய வேண்டியதில்லை. வண்டியைச் சோதித்துத் தேறினால் ஒப்பந்தம். சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதைத் தைத்தது நான். டாக்டரம்மா மூன்று நாள் தூங்கவில்லை என்றே சொல்லலாம். நடு ராத்திரியில் கைதவறிப் பாத்திரம் விழும் சத்தம் மேலே கேட்கும். "ஒரு மாசம் இந்த வேலை ஓடிட்டா காதுல கழட்டினதைத் திருப்பிடுவேன்னு சொல்றாருக்கா. எனக்குத் தோடெல்லாம் வேணாம். அவரு மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாப் போதும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போனோம். உறை சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேயே பிடித்துத் தைத்துவிடலாம் என்று ஊசி நூலோடு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். "சோதனை வேலை உன்னோடது, நீயே வந்து பதில் சொல்லு" என்று அவளையும் கூட்டிவந்திருந்தான் புருஷன். யார்டில் இறங்கியதும், "டாக்டரம்மா, இந்தப் பக்கம் வா!" என்று அவன் வழக்கம்போலச் சத்தம் போட, வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

சோதனை செய்த சூப்பர்வைசர் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கடுகடுப்பான ஆள் இல்லை. டயர், விளக்கு, பெல்ட் எல்லாம் பார்த்துவிட்டு பானெட்டைத் தூக்கச் சொன்னார். அவள் முன்னால் போய் நின்றாள்.

"தினமும் யார் பாக்குறது?"

"நான்தான் சார்."

"என்னென்ன பாப்பீங்க?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகப்பாலிஷ் கோட்டைப் பார்த்தார். "பரவாயில்லையே, என்கிட்ட வேலை செய்யறவன் ஒருத்தனும் இப்படிச் செய்ய மாட்டான்" என்றார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாஸான பெண் மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவர் கையை அந்தக் கறுப்பு மூடிமேல் வைத்தார்.

"சார், சார்! அது திறக்கக் கூடாது சார்!"

"ஏன்?"

"அது தம்பி மூடி சார்."

"என்ன மூடி?"

"இல்ல சார், என் தம்பி... மெக்கானிக். அவன் மட்டும்தான் திறப்பான். காத்துப் போனா இறுக்கம் விட்டுரும்னு..."

பக்கத்தில் வேறொரு காரோடு காத்திருந்த டிரைவர் பொத்துக்கொண்டு சிரித்தான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அம்மா, எண்ணெய் ஊத்துற மூடி இது. எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்ல மாட்டான்" என்றபடி ஒரே திருகில் திறந்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

உள்ளே பாலாடை மாதிரி மஞ்சள் வெள்ளையாக ஒரு பசை அப்பியிருந்தது. கொழகொழவென்று. எண்ணெயின் நிறமே இல்லை.

"இது என்ன சார்?"

"எண்ணெயோட தண்ணி கலந்தா இப்படி ஆகும். குளிர்காலத்துல வெறும் ஈரத்துக்கும் கொஞ்சம் வரும், அதனால அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. கூலண்ட் குறையுதா?"

"குறையும் சார். ஞாயித்துக்கிழமை நின்னா தானா ஏறிரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தானா ஏறாதும்மா" என்றார் மெதுவாக. "அது மூடின பாத்திரம். குறையவும் கூடாது, ஏறவும் கூடாது."

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும், ஆறட்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. அவள் புருஷன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடிகளைத் திரும்பத் துடைத்தான். நான் வேறு வழியில்லாமல், நன்றாக இருந்த உறையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி தைத்தேன். அவள் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து கைவிரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஞாயித்துக்கிழமையை எண்றேன்கா" என்றாள்.

ஆறிய பிறகு அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிடச் சொன்னார். பச்சைத் தண்ணீரில் குமிழி கிளம்பியது. ஒன்று, இரண்டு, அப்புறம் உலை கொதிப்பதுபோல விடாமல். தண்ணீர் இன்னும் சூடே ஆகவில்லை.

"எஞ்சினோட தலை வளைஞ்சிருக்கு. புகை தண்ணியிலயும் தண்ணி எண்ணெயிலயும் போகுது. இது நேத்து இன்னைக்கு நடந்தது இல்ல. எப்பவோ ஒரு தடவை தண்ணியில்லாம ஓட்டிக் காய்ச்சியிருக்காங்க. அப்புறம் யாரோ வாராவாரம் மூடியைத் துடைச்சுத் தண்ணியை ஊத்தி ஓட்டிட்டு வந்திருக்காங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். "நடுவழியில நின்னா எங்க ஆளுங்க உயிருக்கே ஆபத்தும்மா. என்னால கையெழுத்துப் போட முடியாது."

யாரோ! யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குத் துணி கொடுத்தவள் நான். மாசத்துக்கு நாலு ஞாயிறு, சுருட்டிச் சுருட்டி நானே போட்டிருக்கிறேன். ஆத்திரம் அவன்மேலா என்மேலா என்று எனக்கே பிடிபடவில்லை.

திரும்பும் வழியில் கார் ஊர்ந்தது. புருஷன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இப்பவே போன் பண்றேன் அவனுக்கு."

"வேணாம்."

"என்ன வேணாம்? கழுத்தறுத்துட்டாண்டி! இதுல நான் சின்னப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போயிருக்கேன், தெரியுமா? மேம்பாலத்துல நின்னிருந்தா?"

"தெரியுது. நான்தான் தினமும் 'பாத்தாச்சு'ன்னு சொல்லி அனுப்பினவ. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை வருவான்ல. வரட்டும். போன்ல சொன்னா அவன் முகம் எனக்குத் தெரியாது."

புதனிலிருந்து சனி வரை பானெட் சத்தம் இல்லை. புருஷன் மறுபடியும் பழைய முதலாளியின் காரை ஓட்டப் போனான். அவள் காலையில் இறங்கி வந்து, திறக்காமல், காரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவாள். சனிக்கிழமை என்னிடம் வந்தாள். "அவன் துணி கேட்டா எப்பவும் போலக் குடுத்துருங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு பைக் திரும்பியது. மீன் வாசனை இல்லை. அதை அவன் கவனித்தானா தெரியாது. கார் சுவரைப் பார்த்து, என் ஜன்னலுக்கு நேர் கீழே மூக்கை வைத்து நின்றது. காரைத் திருப்பச் சாவியைத் தேடினான், மாட்டும் இடத்தில் இல்லை. சரி என்று அப்படியே பானெட்டைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"டெய்லரக்கா, வேஸ்ட் துணி?"

என் கையில் இருந்தது சீட்டு உறையில் மிஞ்சிய வெள்ளைத் துண்டு. போட்டேன். அவன் அதைப் பிடித்துவிட்டுச் சிரித்தான். "வெள்ளையா? அழுக்காயிடுமேக்கா!"

வீட்டுக்குள்ளிருந்து டாக்டரம்மா வந்தாள். பின்னாலேயே புருஷனும் வந்து வாசற்படியில் நின்றுகொண்டான்.

"நகரு, நான் திறக்கிறேன்" என்றாள்.

"அக்கா, அது..."

அவள் தம்பி மூடியைத் திருகி எடுத்து, மல்லாக்கத் திருப்பி, அவன் கையில் வைத்தாள்.

"துடைடா. இதுக்குத்தானே வந்த?"

அவன் மூடியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "இது குளிருக்குக்கா... ஈரக் காத்து பட்டா..."

"குமிழி வந்துச்சுடா. நாங்க மூணு பேரும் நின்னு பாத்தோம். இன்னும் என் காதுல பூ சுத்தாத."

அவன் முன்சக்கரத்தில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துப் பேசினான்.

"நான் பண்ணினதுதான்கா. எங்க ஒர்க்ஷாப்புக்குத் தண்ணி ஹோஸ் மாத்த வந்த வண்டி இது. கூலண்டை இறக்கி வச்சேன். அதுக்குள்ள சாப்பிடக் கூப்பிட்டாங்க. வந்து ஹோஸை மாட்டிட்டேன், ஊத்த மறந்துட்டேன். டெஸ்ட் ஓட்டம் போனப்போ சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போச்சு. மீட்டர் கோளாறுன்னு நெனச்சு ஓட்டிட்டேன்."

"அப்புறம்?"

"வண்டிக்காரர் சண்டை போட்டு முதலாளி தலையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. முதலாளி, ஒண்ணு நீ இதை வித்துக் குடு, இல்ல வேலையை விட்டுப் போன்னாரு. நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன். நாலு பேரும் மொதல்ல இந்த மூடியைத்தான் திறந்தாங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க."

"அதனால என் தலையில கட்டின."

"வேற வழி தெரியலக்கா."

"வழி தெரியலைன்னா வந்து சொல்லியிருக்கலாமேடா! வேலை போனா போகுது, வாடா சோறு போடுறேன்னு சொல்லியிருக்க மாட்டேனா? ஊர்ல இத்தனை பேர் இருக்க, நான் எப்படிடா உன் கண்ணுல பட்டேன்?"

அவன் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீ மட்டும்தான் திறந்து பாக்க மாட்ட."

வாசற்படியில் நின்ற புருஷன் இறங்கி வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "மச்சான், என் வண்டியில ஜனங்க ஏறுறாங்கடா" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"எஞ்சினைக் கழட்டி நானே சரி பண்ணித் தர்றேன்கா. ராத்திரி பகலா உக்காந்து பண்றேன். பணமும் நானே..."

"எஞ்சினை எவனாவது சரி பண்ணுவான்." அவள் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஐம்பத்து மூணு ஞாயித்துக்கிழமை வந்திருக்க. மீன் வறுத்து வச்சிட்டு தெருவைப் பாத்துட்டு நிப்பேன். கட்டிக் குடுத்த அக்காவைத் தேடி வாராவாரம் வர்ற தம்பி எவனுக்குக் கிடைப்பான்னு இந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கேன். அதுல ஒரு நாள்... ஒரே ஒரு நாள், இந்த மூடிக்கு இல்லாம, என்னைப் பாக்கன்னு வந்திருக்கியா?"

அவன் சட்டென்று தலை நிமிர்ந்தான். ஏதோ கைக்குக் கிடைத்துவிட்ட முகம்.

"வந்தேனேக்கா! உனக்குக் காய்ச்சலா இருந்தப்ப வந்தேனே. ஆரஞ்சு வாங்கிட்டு வந்தேன். அன்னிக்குப் புதன்கிழமை. அன்னிக்கு உன்னைப் பாக்க மட்டும்தான் வந்தேன்."

அவள் மெல்ல முகத்தைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தாள்.

"டெய்லரக்கா, அன்னிக்கு இவன் உங்ககிட்ட துணி கேட்டானா?"

கேட்டான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருட்டுகிற நேரம். அவசரம் அவசரமாகக் கேட்டான். நீலக் கோடு போட்ட துண்டு ஒன்றைப் போட்டேன். கீழேயிருந்து அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்காக யோசிக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவளுக்காகத்தான் யோசித்தேன். ஐம்பத்து மூன்று நாளும் போய்விட்டது, ஒரு நாளாவது அவளுக்கு மிஞ்சட்டுமே என்று தோன்றியது. ஆரஞ்சுப் பழமும், நெற்றியில் வைத்த கையுமாவது நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"இல்லம்மா, கேக்கல" என்றேன்.

அவள் விரல் கூலண்ட் டப்பாவின் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"வியாழக்கிழமை காலையில தண்ணி கோட்டுக்கு மேல நின்னுச்சுக்கா" என்றாள். "உங்ககிட்டதான் சொன்னேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் கையிலிருந்த மூடியையும் வெள்ளைத் துணியையும் வாங்கி, மூடியைத் தானே சுத்தமாகத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துத் திருகினாள். துணியை என் ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாகப் போட்டாள். பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து வேறொரு மெக்கானிக் வந்து எஞ்சினைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தான். ஆஸ்பத்திரி வேலைக்கு அதற்குள் வேறு கார் வந்துவிட்டது. இப்போதெல்லாம் காலை ஆறரைக்கு மறுபடியும் அந்தச் சத்தம் கேட்கிறது. அவள் முதலில் திறப்பது அந்தக் கறுப்பு மூடியைத்தான். புருஷன் வெளியே வந்து பக்கத்தில் நின்று, அவனும் குனிந்து பார்த்த பிறகுதான் மூடுகிறாள். குரல் கொடுப்பதில்லை, "பாத்தாச்சு" என்பதும் இல்லை. நான் ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.